நெடுஞ்சொல்லும் நகையும்

எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைக்கும் தொல்காப்பியம், அஃது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் அடியாகப் பிறக்கும் என்கிறது. எளிய சொல் இருக்கவும் நீண்டதும் அரியதுமான சொல்லைத் தேடி ஆள்வதால் விளையும் நகை, இவற்றுள் எள்ளலின்பாற்படும். அந்நகைக்குச் சொல்லின் நீளம் காரணமா, அருமை காரணமா, வேறொன்று காரணமா என்பது ஆராயத்தக்கது.

நீளம் மட்டுமே காரணமாகாது. தமிழ் ஒட்டுநிலை மொழி. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்னும் வடிவம் மிக நீண்டது. ஆயினும் அதனைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை. அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பொருளைச் சுமந்து நிற்கிறது.

அருமையும் தனித்து நகை விளைக்காது. செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் திரிசொல்லைத் தொல்காப்பியம் ஏற்கிறது. மேலும், அருமை கேட்போரைப் பொறுத்தது. ஒசூர்ப் பகுதியை ஒட்டிய கருநாடகத்து ஆனேக்கல் வட்டத்தில் கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் வழங்குகின்றன. பொறியாளரைக் குறிக்கக் கன்னட அலுவல் வழக்கில் ஆளப்படும் 'அபியந்தரர்' என்னும் வடசொல், தமிழ் மட்டுமே அறிந்தவர்க்கு ஆடம்பரமாகத் தோன்றலாம்; கன்னடம் கற்றவர்க்கோ அது பெயர்ப்பலகையில் நாளும் காணும் சொல்லே.

ஆகவே, நகைக்கு அடிப்படை தேவையின்மை எனலாம். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் ஆகியன இதனையே சுட்டுகின்றன. இக்குற்றங்களை அறிந்தே ஆண்டு நகையாக்கியவர் பாரதியார். முற்றுப்பெறாத அவருடைய 'சின்னச் சங்கரன் கதை'யில் கவுண்டனூர்ச் சமீன்தாரின் பெயருக்கு முன், அண்டங்களை அளாவும் வடமொழி விருதுகள் ஒலியியைபோடு அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு விருதும் எதிர்பார்ப்பை உயர்த்துகிறது. முடிவில் வருபவரோ ஒரு சிற்றூர்ச் சமீன்தார். சொல் வளர்ந்த அளவுக்குப் பொருள் வளரவில்லை. அந்த இடைவெளியே நகையின் பிறப்பிடம். சேக்சுபியரும், 1598இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில், கற்றோரின் சொல்லாடம்பரத்தை எள்ளும் கோமாளி ஒருவனின் வாயில் 27 எழுத்துக் கொண்ட இலத்தீன் சொல் ஒன்றை வைத்தார்.

இவ்வேறுபாடு கலைச்சொல்லாக்கத்துக்கு இன்றியமையாதது. புதிய தமிழ்ச்சொல் தோன்றும்போதெல்லாம் அதனை நகைப்போர் உளர். ஆடம்பரத்தை நகைத்த பாரதியாரே, 'மெம்பர்' என்பதற்குத் தகுந்த தமிழ்ச்சொல்லைத் தேடினார்; 'அவயவி', 'உறுப்பாளி' முதலியவற்றை எண்ணிப் பார்த்தும் மனம் நிறைவுறாது, ஆங்கிலச் சொல்லையே எழுதினார். எனினும், மேலும் எண்ணிப் பார்த்துத் தக்க சொற்களைத் தருவதாகவும் கூறிவைத்தார். தேடலை அவர் கைவிடவில்லை என்பது நோக்கத்தக்கது. இன்று 'உறுப்பினர்' என்னும் சொல் சட்டமன்றம் முதல் சிற்றூர்ச் சங்கம் வரை வழங்குகிறது. அதனைக் கேட்டு நகைப்பார் இலர்.

பொருளற்ற ஆடம்பரத்தை எள்ளும் நகை மொழிக்குக் காவலாகும். பழகாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு எழும் நகையோ, தேவையான சொல்லையும் முளையிலேயே கிள்ளிவிடும். ஒரு சொல்லைக் கேட்டு நகைக்குமுன், அதனினும் எளிய சொல் அப்பொருளுக்கு உண்டா என வினவுதல் வேண்டும். உண்டெனில் அந்நகை தகும். இல்லையெனில் அச்சொல் வழக்கில் பழகக் காலம் தருதலே முறை.