துணி கொடுத்து வாங்கிய கிராம்பு

தமிழரின் கடல் வணிகத்தைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் மேற்குத் திசையையே பார்க்கின்றன. முசிறித் துறைமுகமும், அங்கே கப்பலேறிய மிளகும், அதற்கு ஈடாக வந்திறங்கிய உரோமானியப் பொற்காசும் அவற்றின் முதல் அத்தியாயத்தை நிரப்பிவிடுகின்றன. எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியச் சாடி ஒன்று 7.5 கிலோ மிளகோடு அப்படியே கண்டெடுக்கப்பட்டிருக்க, அந்த ஈர்ப்பைக் குறை சொல்லவும் இயலாது. ஆயினும் பேராக்கில், ஈப்போ நகரத்திலோ பழைய ரப்பர் தோட்டங்களைச் சுற்றியோ வாழும் தமிழருக்கு அது தொலைவிலுள்ள வேறொரு கடலின் கதை. அவர்கள் வாழும் நிலத்தின் வாசலில் நடந்தது அந்த வணிகத்தின் கிழக்குப் பாதி. அந்தப் பாதியில் தமிழகக் கரை விற்ற முதன்மைச் சரக்கு துணி.

இதன் காரணம் தாவரங்களில் இருக்கிறது. கிராம்பு மரம் பதினெட்டாம் நூற்றாண்டு வரை மலுக்குத் தீவுக்கூட்டத்தில் தெர்னாத்தே, திடோரே முதலிய சில தீவுகளின் தனிச் சொத்தாகவே இருந்தது. ஜாதிக்காயும், அதன் கொட்டையைச் சுற்றிச் செந்நிற வலைபோல் படர்ந்திருக்கும் ஜாதிபத்திரியும், அவற்றுக்குத் தெற்கேயுள்ள பண்டா தீவுகளில் மட்டுமே கிடைத்தன. அந்தத் தீவினருக்கு அரிசியும் உடுதுணியும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தன. சாயவேர் என்னும் செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்பு ஏற்றப்பட்டு, துவைத்தாலும் வெளுக்காத சோழமண்டலக் கரைப் பருத்தித் துணியோ அங்கே சேமித்து வைக்கும் செல்வமாகவே மதிக்கப்பட்டது. ஆகவே தறியில் நெய்தது கிழக்கே சென்று கிராம்பாக மாறியது. அந்தக் கிராம்பு மேற்கே சென்று வெள்ளியாக மாறியது.

இந்தப் பாதையின் மிகப் பழைய தடங்களுள் சில பேராக்கிலேயே கிடைத்திருக்கின்றன. தைப்பிங் நகரத்துக்கு மேற்கே, சதுப்புநிலக் காட்டின் நடுவே உள்ள கோலா செலின்சிங்கில் மணிகள் செய்து வாழ்ந்த ஒரு பழங்குடியிருப்பைத் தொல்லியலாளர் ஐவர் எவன்ஸ் அகழ்ந்தபோது வெளிப்பட்ட பொருள்களுள், ‘ஸ்ரீ விஷ்ணுவர்மன்’ என்னும் பெயர் இந்திய எழுத்தில் செதுக்கப்பட்ட சூதுபவளக் கல் முத்திரை ஒன்றும் இருந்தது. பீடோர் ஈயச் சுரங்கத்தில் 1936ஆம் ஆண்டு கிடைத்த எட்டுக்கை அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை, கடலோரத்தில் இறங்கிய தொடர்புகள் ஆற்று வழியே உள்நாட்டுக்கும் சென்றதைக் காட்டுகிறது. தமிழர் பேராக்குக்கு ரப்பரோடுதான் வந்தனர் என்று தொடங்கும் வரலாறு, இந்தச் சான்றுகளின் முன் அவசரப்பட்ட வரலாறாகவே தோன்றுகிறது.

பேராக்குக்கு வடக்கேயும் மேற்கேயும், வணிகர் தம் பெயரைக் கல்லிலேயே விட்டுச் சென்றனர். தென் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டப்பட்ட குளம் ஒன்றை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் வைக்கிறது. மணிக்கிராமம் என்பது ஊர் கடந்து இயங்கிய வணிகக் குழு. சுமத்ராவின் கற்பூரத் துறையான பாரூசில் 1088ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் அதனினும் பெரிய குழுவுக்கு உரியது. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, தாக்கியதையே மேடைகள் விரும்பிப் பேசுகின்றன. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுந்ததும், இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்ததும் அந்தப் போரைவிட அதிகமாக வணிகத்தைப் பற்றிச் சொல்கின்றன.

பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தப் போக்குவரத்தின் முடிச்சு மலாக்காவில் விழுந்தது. இந்தியாவிலிருந்து கிழக்கே தள்ளும் தென்மேற்குப் பருவக்காற்றும், சீனக் கப்பல்களை இறக்கிக்கொண்டு வரும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஒரே மாதத்தில் வீசுவதில்லை. எனவே வந்தவர் திரும்பக் காத்திருக்க வேண்டியிருந்தது, காத்திருந்தவர் கிடங்கும் வீடும் கட்டினர், சிலர் அங்கேயே மணம் முடித்துத் தங்கினர். இன்றும் மலாய் பேசிக்கொண்டே சைவ வழிபாட்டைக் காத்துவரும் மலாக்கா செட்டிகளின் சமூகம் அவ்வாறு உருவானதே. துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள், அதாவது வெளிநாட்டு வணிகரின் அலுவல்களைக் கவனித்த அதிகாரிகள், இருந்தனர். ‘கெலிங்’ என்று மலாய்க்காரர் அழைத்த சோழமண்டல வணிகரின் பொறுப்பு அவர்களுள் ஒருவரிடம் இருந்தது.

அந்த வணிகருள் போர்த்துக்கீசிய ஆவணங்களில் ‘நினா சாத்து’ என்று வரும் மனிதர் தனியாகக் குறிப்பிடத்தக்கவர். மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு உதவிய அவரை, 1511ஆம் ஆண்டில் நகரத்தைக் கைப்பற்றிய அல்புகெர்க்கே பெண்டகாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தினார். பீரங்கி வைத்திருந்த புதிய ஆட்சியாளருக்குக் கடலும் சந்தையும் தெரியாது. ஆதலால் பெகு நாட்டுக்கு அவர்கள் அனுப்பிய கப்பலே நினா சாத்துவோடு கூட்டுச் சேர்ந்து அனுப்பியதாக இருந்தது. 1514ஆம் ஆண்டில் அப்பதவி கம்பார் அரசருக்கு மாற்றப்பட்டபோது, அவமானம் பொறாமல் அவர் தீப்புகுந்து மாண்டார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தன் ஊரை வீழ்த்தியவர்க்கு உதவிய அவரைத் துரோகி என்பதா, எந்த ஆட்சியிலும் கப்பல் ஓடவேண்டும் என்று எண்ணிய வணிகர் என்பதா என்னும் கேள்விக்கு எளிதில் விடை கிடைக்காது.

அடுத்து வந்த டச்சுக்காரர் இன்னும் கடுமையானவர்கள். சோழமண்டலக் கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கையாக அவர்களுடைய அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர் 1612ஆம் ஆண்டிலேயே கண்டார். துணிக்காகப் பழவேற்காட்டில் கோட்டை அமைத்தவர்கள், 1621ஆம் ஆண்டில் ஜாதிக்காய்க்காகப் பண்டா மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் நாடுகடத்தியும் தீர்த்தனர். பேராக்கில் அவர்கள் நாடியது ஈயம். 1650ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஈயத்தைத் தமக்கே ஒதுக்கிக்கொள்ள முயன்றும், மறு ஆண்டே அவர்களுடைய வணிகநிலையத்தார் இங்கே கொல்லப்பட்டனர். பின்னர் பங்கோர் தீவில் எழுந்த கோட்டையின் இடிபாட்டை இன்றும் காணலாம். துணியைக் கொடுத்து ஈயத்தைக் கொண்டுபோன இந்திய வணிகரை ஒதுக்குவதும் அந்தக் கெடுபிடியின் நோக்கம். அவர்களுள் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். தமிழகத்து அடுப்புகளில் மிளகு ரசம் கொதித்த ஈயச் செம்புகளுள் சிலவேனும் இந்த மண்ணின் ஈயத்தால் ஆனவையாக இருக்கக்கூடும்.

வணிகம் மலாய் மொழியிலும் பதிந்தது: கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று, கடை ‘கெடாய்’ ஆயிற்று, பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று, வணிகத்துக்குப் போடும் முதல் ‘மொடால்’ ஆயிற்று.

வாசனைப் பொருள்களின் அருமை, நாற்றுகள் தீவை விட்டு வெளியேறியதும் குறைந்தது. 1796ஆம் ஆண்டில் மலுக்குத் தீவுகளைப் பிடித்த ஆங்கிலேயர் கிராம்பு, ஜாதிக்காய்ச் செடிகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்தனர். பேராக்கில் ஆங்கில அதிகாரி ஹியூ லோ மிளகையும் பயிரிட்டுப் பார்த்தார். ஆனால் கோலாகங்சாரில் 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளே பின்னாளில் மாநிலத்தின் முகத்தை மாற்றின.

அந்த மரங்களில் பால் வெட்ட, தம் ஊரிலிருந்தே ஆள் திரட்டிய கங்காணிகளின் பின்னால், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர்கள், சூளாமணிவர்மனின் விகாரம் நின்ற அதே துறையிலிருந்து, வணிகராக அன்றிக் கூலிகளாகப் புறப்பட்டனர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ 1973ஆம் ஆண்டு வரை ஓடி அந்தப் பாதையின் கடைசிக் கப்பல்களுள் ஒன்றாயிற்று. தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், அம்மியில் அரைபட்ட கொத்தமல்லியும் சீரகமும் இம்மண்ணில் விளையாமல் இந்தியாவிலிருந்து வந்தவை. அதே கறியில் விழுந்த கிராம்போ கிழக்கைத் தாயகமாகக் கொண்டது. அவற்றோடு அரைபட்ட மிளகாய், போர்த்துக்கீசியர் காலத்துக்கு முன் இரு கரையும் அறியாத அமெரிக்கக் காய். அதற்குப் பெயரிடும்போது தமிழர் தம் பழைய மிளகையும், மலாய்க்காரர் முன்பு திப்பிலி வகைக்கு வழங்கிய ‘சாபாய்’ என்னும் சொல்லையும் எடுத்துக்கொண்டனர்.