அஞ்சி ஒளியும் கினிப்பன்றி: புதிதாக வளர்ப்போர் அறிய வேண்டியவை

பள்ளி விடுமுறையில் பினாங்கு, டத்தோ கிராமாட் வட்டாரத்திலுள்ள உற்றார் வீட்டுக்குச் சென்று, கூலிம், சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் திரும்பும் பிள்ளைகள் சில வேளை துளையிட்ட அட்டைப்பெட்டியொன்றைக் கையில் ஏந்தி வருவதுண்டு. பெட்டியின் மூலையில் முகம் புதைத்து அசையாதிருக்கும் சிறு பிராணியே கினிப்பன்றி. மலாய் மொழியில் இதனைத் தீக்குஸ் பெலாண்டா, அதாவது ஒல்லாந்து எலி என்பர். உண்மையில் இது கினி நாட்டினதுமன்று, ஒல்லாந்து நாட்டினதுமன்று. பன்றியினமோ அறவே அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இறைச்சிக்கென வீட்டில் வளர்த்துவந்த கொறிக்கும் பிராணி இது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்து, செல்லப் பிராணியாயிற்று.

வந்த சில நாட்களில் வீட்டார் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே: "கையை நீட்டினால் ஓடி ஒளிகிறது, நம்மோடு பழக மறுக்கிறது." இது குறையன்று. பருந்துக்கும் நரிக்கும் பாம்புக்கும் இரையான இனத்தில் தோன்றிய இதற்கு, உறைந்து நிற்பதும் ஓடி ஒளிவதுமே தற்காப்பு. மேலிருந்து இறங்கும் மனிதக் கை அதற்குப் பருந்தாகவே தோன்றும்.

ஆனால் இவ்வச்சத்தை வேடிக்கையாகக் கொள்ளுதல் தவறு. மிரண்ட கினிப்பன்றி உண்ணாது. அதன் குடலோ நார்ப்பொருளை இடைவிடாது செரித்து இயங்க வேண்டியது. ஒரு நாள் முழுதும் உணவு செல்லாவிடில் குடலியக்கம் தளரும். அந்நிலை நீடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதல் வாரத்தில் பிராணியைக் கொஞ்சுவதைவிட, அது உண்கிறதா என்று கவனிப்பதே முதற்கடமை.

கூட்டை ஆள் நடமாட்டம் மிக்க வாயிலருகே வைக்காமல், சுவரோரமாக, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சற்று விலகி வைத்தல் நலம். இரண்டு பிராணிகளுக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட தளம் குறைந்த அளவாகும். கம்பித்தளம் பாதங்களைப் புண்ணாக்கும். தட்டையான தளமே வேண்டும். உள்ளே ஒளிந்துகொள்ள இரு வாயிலுள்ள சிறு பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கட்டும். "ஒளிய இடமளித்தால் என்றும் வெளியே வராதே" என்று சிலர் அதை எடுத்துவிடுகின்றனர். நடப்பதோ நேர்மாறு: ஓடிப் புக இடமுண்டு என்று அறிந்த பிராணியே துணிந்து வெளியே வரும்.

முதல் இரண்டு மூன்று நாள் தீவனமும் நீரும் வைத்துவிட்டு விலகியிருங்கள். பின்னர் கூட்டருகே தரையில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் பேசுங்கள். அதன் பிறகே புல் நுனியையோ கொத்துமல்லித் தழையையோ விரல்களில் பிடித்து நீட்டலாம். முதல் நாள் வாராது; மறுநாளும் வாராதிருக்கலாம். வைகறையிலும் அந்தியிலும் இது சுறுசுறுப்பாக இருப்பது நமக்கு வாய்ப்பே. மரம் வெட்டப் புறப்படுமுன் எழும் தொழிலாளி வீட்டில், அவ்வேளையில் விழித்திருக்கும் மற்றோர் உயிர் இதுவாகும். வாரங்கள் சில கழிந்தபின், புல் பையின் சலசலப்புக் கேட்டதுமே "வீக், வீக்" என்று கூவி அழைக்கும்.

தூக்கும்பொழுது ஒரு கை மார்பின் கீழும் மற்றொரு கை பின்புறத்தைத் தாங்கியும் இருக்க வேண்டும். சிறுவர்கள் தரையில் அமர்ந்தே மடியில் வைத்துக்கொள்ளட்டும். இடுப்புயரத்திலிருந்து துள்ளி விழுந்தாலும் எலும்பு முறியக்கூடும்.

உணவில் பெரும்பகுதி புல்லும் உலர்புல்லுமே. பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. மென்று தேயாவிடில் வாய் மூட இயலாமற்போகும். புல் எங்கே அறுக்கிறோம் என்பதில் தோட்டத்தார் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். களைக்கொல்லி தெளித்த நிரைகளிலும் சாலையோரத்திலும் அறுத்தல் ஆகாது. ரப்பர் மரமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததாயினும், அதன் இலையும் கொட்டையும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் கொண்டவை. மரவள்ளி இலையும் அத்தகையதே. இவற்றை இடவே கூடாது. வெங்காயம், பூண்டு, ரொட்டி, சோறு ஆகியனவும் வேண்டா.

மனிதரைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சியைத் தானே ஆக்கிக்கொள்ளாது. நார்வே நாட்டு ஆய்வாளர் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் 1907ஆம் ஆண்டில் கினிப்பன்றிகளைக் கொண்டே, மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய்க்கு உணவுக் குறையே காரணமெனக் காட்டினர். ஒரு கிலோ எடைக்கு நாள்தோறும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவை. கடைச் சத்து மாத்திரையைத் தேட வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையிலுள்ள கொய்யாவில் ஆரஞ்சைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு அச்சத்து உண்டு. மெல்லிய துண்டொன்று போதும். மிகுந்தால் சர்க்கரை வயிற்றைக் கெடுக்கும். முயலுக்கான உருண்டைத் தீவனத்தில் இச்சத்துச் சேர்ப்பதில்லையாதலால் அது இதற்குப் பொருந்தாது.

குளிர்ந்த மலைநாட்டுப் பிராணியாதலின் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையே இதற்கு இதமானது. பினாங்கிலும் கெடாவிலும் நண்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது நாம் அறிந்ததே. தகரக் கூரையின் கீழும், நிறுத்திவைத்த காரினுள்ளும் இதனை விட்டுச் செல்லுதல் கொலைக்கு ஒப்பாகும். உறைந்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றிக் கூட்டில் வையுங்கள். தளத்தில் ஓடு ஒன்றைப் பதித்தால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே மலைப்பாம்பும் மூசாங்கும் திரியும் இடங்களில் இரவில் கூட்டை வீட்டினுள் வைப்பதே பாதுகாப்பு.

தனிமையும் அச்சத்தை மிகுவிக்கும். சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டு முதல் இதனைத் தனியே வளர்ப்பதைச் சட்டத்தால் தடுத்துள்ளது. இரு பெண்களைச் சேர்த்து வளர்க்கலாம். ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிட்டுப் பின்னர் குட்டிகளுக்கு இடந்தேடி அலைவோர் பலர்.

நோயையும் இது அச்சத்தால் மறைக்கும். வாரம் ஒருமுறை சமையல் நிறுவையில் எடை பாருங்கள். புழுக்கை சிறுத்தாலும் குறைந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். அரைநாள் உண்ணாவிடில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் மீந்த அமோக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்தைக் கரைத்து ஊட்டிவிடாதீர்கள். நம்மைக் காக்கும் அம்மருந்து, இதன் குடலிலுள்ள நுண்ணுயிர்களை அழித்து உயிரைப் போக்கிவிடும்.