பையில் எல்லாம் இருக்கிறதா?

சூரிய கிரகணத்தைப் படம் பிடிக்கப் போன ஒருவர் ஒரு படம்கூட இல்லாமல் வீடு திரும்பினார். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மேகம் மூடியிருக்கும் என்பீர்கள். இல்லாவிட்டால் காமிரா பழுதாகியிருக்கும் என்பீர்கள். அன்று மேகமும் தொல்லை தரவில்லை, காமிராவும் ஒழுங்காகவே வேலை செய்தது. அந்த ஒருவர் வேறு யாருமல்லர், கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான்தான்.

2019 டிசம்பர் 26 உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அன்று காலை தமிழ்நாட்டின் ஒரு பகுதியில் கங்கண கிரகணம் தெரிந்தது. சந்திரன் அப்போது பூமியிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்ததால், சூரிய வட்டத்தை முழுவதும் மறைக்க அதன் உருவம் போதவில்லை. விளிம்பில் ஒரு நெருப்பு வளையல் எஞ்சி நின்றது. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில், பிள்ளைகளுக்குக் கிரகணத்தைக் காட்ட நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். காலை 8 மணி கடந்ததும் சூரியனின் ஓரத்தைச் சந்திரன் கடிக்கத் தொடங்கியது. 9.30 மணியளவில் வளையம் முழுமையானது. சுமார் 3 நிமிடம்தான் அது நிலைக்கும். நான் விடாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் காமிரா ‘கிளிக்’ என்றது. அந்தச் சத்தம் எனக்குத் தந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வளையம் உடைந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். “சார், படத்தைக் காட்டுங்க சார்!” காமிராவின் பின்புறப் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒன்றும் இல்லை. இரு கைகளாலும் வெயிலை மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தேன். மூலையில் பொடி எழுத்தில் ‘கார்டு இல்லை’ என்றிருந்தது.

மெமரி கார்டு எங்கே போயிற்று? முந்தின நாள் ஒத்திகைப் படங்களைப் பார்ப்பதற்காக அதைக் கழற்றித் துறையின் கம்ப்யூட்டரில் செருகியிருந்தேன். அது அங்கேயே பத்திரமாக இருந்தது! கார்டு இல்லாமல் காமிரா எப்படி ‘கிளிக்’ என்றது என்று கேட்பீர்கள். கடைக்கு வருபவர்கள் காமிராவை எடுத்து அழுத்திப் பார்க்க வசதியாகப் பல காமிராக்களில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. வேண்டாமென்றால் அதை நிறுத்தி வைக்கலாம். நான் நிறுத்தவில்லை.

இத்தனைக்கும் என்னிடம் பட்டியல் இருந்தது. 14 பொருள்களை எழுதி, ஒவ்வொன்றையும் பையில் வைத்ததும் பேனாவால் குறியிட்டிருந்தேன். ‘காமிரா’ என்ற வரிக்கு எதிரிலும் குறி இருந்தது. காமிரா வந்தது உண்மைதான். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் எழுதியிருக்கவில்லை.

அதன்பிறகு பட்டியல் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டேன். பொருள்களின் பெயர்களை நினைவுக்கு வந்தபடி எழுதுவதில்லை. சூரியனிலிருந்து புறப்படும் ஓர் ஒளிக்கதிரோடு நானும் கூடவே நடந்து போகிறேன். கதிர் எந்தப் பொருள் வழியாக நுழைகிறது, எதில் முட்டுகிறது, கடைசியில் எங்கே போய்த் தங்குகிறது என்று கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். வழியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் கதிர் அங்கேயே நின்றுவிடும். என் மறதி உடனே தெரிந்துவிடும். வாருங்கள், ஒருமுறை சேர்ந்து நடந்து பார்ப்போம்.

கதிர் சந்திக்கும் முதல் காவலன்

சூரியனை விட்டுப் புறப்பட்ட ஒளி 8 நிமிடமும் சுமார் 20 விநாடியும் பயணம் செய்து நம்மை அடைகிறது. காமிராவுக்குள் நுழையுமுன் அது சந்திக்க வேண்டிய முதல் பொருள் சூரிய வடிகட்டி. கடையில் ‘சோலார் ஃபில்டர்’ என்று கேட்டால் தருவார்கள். இதற்கென்றே செய்த நல்ல வடிகட்டி, விழும் ஒளியில் 1,00,000-இல் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, புற ஊதாக் கதிர்களையும் தடுக்கும்.

இவ்வளவு கடுமையான காவல் எதற்கு? ஒரு சிறு கணக்குப் போடுங்கள். வெயிலில் நம் கண்ணின் பாவை ஏறக்குறைய 3 மி.மீ. விட்டத்துக்குச் சுருங்கியிருக்கும். லென்ஸின் விட்டம் 50 மி.மீ. என்றால், அது வாங்கும் ஒளி கண் வாங்குவதைப்போல (50/3)-இன் இருமடி, அதாவது சுமார் 280 மடங்கு. அவ்வளவையும் லென்ஸ் ஒரு சிறு புள்ளியில் குவிக்கிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கி விளையாடியிருப்பீர்களே, அதேதான். ஆகவே வடிகட்டி லென்ஸுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் குவிந்த வெப்பத்தில் அது உடையும். பார்ப்பவர் கண்ணும் போகும்.

வளைய கிரகணத்தில் ஒரு கணம்கூட வடிகட்டியைக் கழற்றக் கூடாது. 2019-இல் சந்திரன் சூரிய விட்டத்தில் 97 விழுக்காட்டை மறைத்தது. அப்படியானால் எஞ்சிய பரப்பு எவ்வளவு? 1-லிருந்து 0.97-இன் இருமடியைக் கழியுங்கள். ஏறக்குறைய 6 விழுக்காடு வரும். அற்பம் என்று தோன்றுகிறதா? முழுநிலவைவிட அது பல ஆயிரம் மடங்கு ஒளி மிக்கது. எக்ஸ்-ரே படலம், புகையேற்றிய கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி இவையெல்லாம் வடிகட்டி ஆகமாட்டா. வடிகட்டி மறந்துபோனால் அன்று காமிராவைப் பையைவிட்டு எடுக்காமலிருப்பதுதான் புத்திசாலித்தனம்.

சூரியனை நேராகப் பார்த்த காமிராவுக்கு என்ன நேரும் என்பதைச் சந்திரனிலேயே பார்த்திருக்கிறார்கள். 1969 நவம்பரில் அப்போலோ 12 பயணத்தின்போது, ஆலன் பீன் டெலிவிஷன் காமிராவை இடம் மாற்றுகையில் அது தவறிச் சூரியன் பக்கம் திரும்பிவிட்டது. படம் பதியும் குழாய் கெட்டது. அந்தப் பயணத்தின் சந்திரத் தரைக் காட்சிகள் அத்தோடு நின்றுபோயின. அதே பயணத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இருவரும் சேர்ந்து நிற்கும் படம் எடுப்பதற்காக, தானாகக் காமிராவை இயக்கும் ஒரு சிறு கருவியை பீனும் கான்ராடும் ரகசியமாகக் கொண்டுபோயிருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில், கற்கள் நிறைந்த பைக்குள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அது அகப்பட்டபோது நேரம் கடந்துவிட்டது. அடிக்கடி எடுக்கும் பொருளுக்குப் பையில் மேல் அறையை ஒதுக்குங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்லும்போது இந்தக் கதையையும் சேர்த்துக்கொள்வேன்.

லென்ஸும் முக்காலியும்

அடுத்து லென்ஸ். சூரியன் நம்மிடமிருந்து ஏறக்குறைய 15 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதன் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கி.மீ. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் சுமார் 108 வரும். (செபமாலை உருட்டும் பாட்டிமார்களுக்குப் பழக்கமான எண்!) லென்ஸின் குவியத் தூரத்தை இந்த 108-ஆல் வகுத்தால் உள்ளே விழும் சூரிய பிம்பத்தின் விட்டம் கிடைக்கும். 300 மி.மீ. லென்ஸில் அது 2.8 மி.மீ. கைப்பேசியின் லென்ஸுக்குக் குவியத் தூரம் 5 அல்லது 6 மி.மீ.தான், ஆகவே பிம்பம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கைப்பேசியில் சூரியன் ஏன் ஒரு பொட்டாக விழுகிறது என்பது இப்போது விளங்கும். லென்ஸோடு ஒரு மென்மையான துணியும் வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் காமிராவை வெளியே எடுத்தால், காற்றிலுள்ள ஈரம் லென்ஸில் படிந்து பனி மூடினாற்போல் ஆகும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள்.

கதிர் லென்ஸைக் கடக்கும்போது லென்ஸ் அசையக் கூடாது. அதற்குத்தான் முக்காலி. பூமி சுழல்வதால் சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. அதன் அகலம் அரைப் பாகை. ஆகவே இரண்டு நிமிடத்தில் தன் அகலம் முழுவதும் நகர்ந்துவிடும். நாமும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முக்காலியில் ஒரு திருட்டு இருக்கிறது. காமிராவின் அடியில் திருகி முக்காலியின் தலையில் மாட்டும் தீப்பெட்டி அளவுத் தகடு ஒன்று உண்டு. அது எப்போதும் வேறொரு காமிராவோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். முக்காலி வந்தும் பயன்படாமல் போன கதைகள் எனக்குப் பல தெரியும்.

எலக்ட்ரான்களுக்கு ஒரு சிறை

இனி என் மறதி நடந்த இடத்துக்கு வருகிறோம். லென்ஸைக் கடந்த ஒளி ஒரு சிலிக்கன் சில்லின்மேல் விழுகிறது. சிலிக்கனில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் ஏறக்குறைய 2 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. ஆகவே ஃபோட்டான் மோதியதும் எலக்ட்ரான் விடுபடுகிறது. சில்லின் லட்சக்கணக்கான சின்னஞ்சிறு கட்டங்களில், ஒளி மிகுந்த இடத்தில் நிறையவும் குறைந்த இடத்தில் கொஞ்சமாகவும் எலக்ட்ரான்கள் சேர்கின்றன. காமிரா அவற்றை அளந்து எண்களாக மாற்றித் தன் தற்காலிக நினைவகத்தில் வைக்கிறது.

இதுவரை அன்று என் காமிராவில் எல்லாம் சரியாகவே நடந்தது. வளையம் உள்ளே வந்தது, எண்களாகவும் மாறியது. ஆனால் தற்காலிக நினைவகம் கரும்பலகையைப் போன்றது. அடுத்த படம் வந்தால் முந்தையது அழியும். மின்சாரம் நின்றாலும் அழியும். நிலையாக வைத்துக்கொள்வது கார்டின் வேலை. கார்டுக்குள் மின்காப்புச் சுவர் சூழ்ந்த நுண்ணிய அறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. எலக்ட்ரான்களை அந்த அறைகளுக்குள் தள்ளிவிட்டால், பேட்டரியைக் கழற்றினாலும் அவை ஆண்டுக்கணக்கில் வெளியேறாமல் இருக்கும்.

பழைய படச்சுருள் இந்த இரண்டு வேலையையும் தானே செய்தது. ஒளியைப் பிடிப்பதும் அதுவே, பிடித்ததைக் காப்பதும் அதுவே. அதற்காக அக்காலத்தில் மறதி இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். சுருளின் நுனி உள்ளே பற்சக்கரத்தில் சரியாகச் சிக்காவிட்டால், எண்காட்டி 36 வரை ஓடும். சுருளோ ஓரடியும் நகர்ந்திருக்காது. அனுபவசாலிகள் ஒவ்வொரு படத்துக்கும் காமிராவின் இடப்பக்கத் திருகு சுழல்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவையும் இயக்குவது பேட்டரி. இரவிலேயே மின்னேற்றம் செய்து காமிராவுக்குள் போட்டுவிடுங்கள். சார்ஜரில் செருகியபடி விட்டுவந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகம். மலைப்பகுதிக் குளிரில் பேட்டரியின் அகமின்தடை கூடுவதால் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

துணைக்கு வந்தது காப்பாற்றிய கதை

மாற்றுப் பொருள் வீண் சுமை என்று நினைப்பவர்களுக்கு 1919-ஆம் ஆண்டின் கதையைச் சொல்கிறேன். சூரியனுக்கு அருகே செல்லும் விண்மீன் ஒளி வளைகிறது என்ற ஐன்ஸ்டீனின் கருத்தைச் சோதிக்க, அவ்வாண்டு மே 29 முழுச் சூரிய கிரகணத்துக்கு இங்கிலாந்திலிருந்து இரு குழுக்கள் புறப்பட்டன. எடிங்டன் ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிப்பித் தீவுக்குப் போனார். அங்கே மேகம் தொல்லை கொடுத்தது. பிரேசிலில் சோப்ரால் என்ற ஊருக்குக் குரோமலினும் டேவிட்சனும் போனார்கள். அங்கே வானம் தெளிந்தது. ஆனால் பெரிய தொலைநோக்கியில் எடுத்த தகடுகளில் விண்மீன்கள் தெளிவின்றிக் கலங்கியிருந்தன. ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி வெயிலில் சூடேறிக் குவியம் மாறிவிட்டது என்று கருதினார்கள்.

துணைக்கு இருக்கட்டும் என்று 4 அங்குல லென்ஸ் ஒன்றையும் அவர்கள் கொண்டுபோயிருந்தார்கள். அதில் எடுத்த 8 தகடுகளில் 7 தெளிவாக விழுந்தன. அவற்றை அளந்தபோது ஒளியின் வளைவு 1.98 விகலை என்று கிடைத்தது. ஐன்ஸ்டீன் கணித்தது 1.75 விகலை, நியூட்டன் முறைப்படி வந்திருக்க வேண்டியது அதில் பாதிதான்.

எங்கள் மைதானத்திலும் துணைக்கு வந்த ஒன்றுதான் மானம் காத்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் பொத்தான் அளவு ஓட்டை மட்டும் விட்டிருந்தாள். வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளி நிழலில் இருந்த வகுப்பறைச் சுவரில் அதன் ஒளியை விழச் செய்தாள். 20 மீட்டரை 108-ஆல் வகுத்துப் பாருங்கள். சுவரில் சாண் அகல வளையம்! அதை அவள் அப்பாவின் கைப்பேசியில் படம் எடுத்துவைத்திருந்தாள். ஓரம் சற்று மங்கல்தான். ஆனாலும் எங்கள் துறையின் சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

ஒத்திகை பார்க்க உங்களுக்குக் கிரகணம் வேண்டியதில்லை. சந்திரனின் உருவம் வானில் ஏறக்குறைய சூரியன் அளவே. அதே 108 கணக்கு அதற்கும் பொருந்தும், வடிகட்டியும் தேவையில்லை. வளர்பிறை நாளொன்றில் பையை முழுவதும் கட்டி, மொட்டைமாடிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே ஒரு படம் எடுத்து, திரும்பவும் போட்டுப் பாருங்கள். ஏதாவது மறந்திருந்தால் மாடிப்படி இறங்கி எடுத்து வரலாம். திண்டுக்கல்லிலிருந்து என்னால் அப்படி இறங்கி வர முடியவில்லை.

2031 மே 21 அன்று தேனி, மதுரை, காரைக்குடி வழியாக யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஒரு வளைய கிரகணம் வருகிறது. இம்முறை நண்பகலை ஒட்டி நிகழ்வதால் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். நீண்ட லென்ஸை மாட்டி நேர் உச்சியைப் பார்க்கத் திருப்பினால் பல முக்காலிகள் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். உங்களுடையது எப்படி என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே மாட்டிப் பாருங்கள்.