கோப்பை அனுப்புவதா, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதா?

2023 மே மாதக் கடைசியில் ‘மூவ்இட்’ என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக ‘க்ளாப்’ என்ற இணையக் கொள்ளைக் கும்பல் புகுந்தது. பிரிட்டனில் பல நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கும் ஸெல்லிஸ் அதைப் பயன்படுத்தி வந்தது. அதனால் பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்களும் களவு போயின.

மூவ்இட் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. மூலநிரலை எல்லோரும் பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்றால் பயமில்லையா? அதே ஆண்டு நவம்பரில் ஓப்பன் சோர்ஸ் கோப்புப் பகிர்வு மென்பொருளான ஓன்கிளவுடின் துணைச்செயலி ஒன்றில், நிர்வாகியின் கடவுச்சொல்லே கசியக்கூடிய ஓட்டை வெளிப்பட்டது. முத்திரையைப் பார்த்து நம்புவதைவிட, தரவு எங்கே குவிகிறது என்று பார்ப்பது மேல்.

எஸ்டோனியாவின் தரவுப் பரிமாற்ற அமைப்பான எக்ஸ்-ரோடு தரவைக் குவிப்பதே இல்லை. 2001-இல் புழக்கத்துக்கு வந்த இதன் மூலநிரல் 2016-இல் பொதுவில் வைக்கப்பட்டது. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு ‘செக்யூரிட்டி சர்வர்’ உண்டு. ஒருவருடைய முகவரி வேண்டுமென்றால், மக்கள்தொகைப் பதிவேட்டுக்கு மின்கையொப்பமிட்ட கேள்வி அதன் வழியாக நேரடியாகப் போகும்; அந்த முகவரி மட்டும் திரும்பி வரும். கேட்டது யார், எப்போது என்பது இரு பக்கமும் பதிவாகும். தன் விவரத்தை எந்த அலுவலகம் பார்த்தது என்று குடிமகனே அரசு இணையதளத்தில் பார்க்கலாம். பின்லாந்தும் ஐஸ்லாந்தும்கூட இதற்கு மாறியிருக்கின்றன. ஆனால், யாரைச் சேர்ப்பது, யாருடைய சான்றிதழை ஏற்பது என்று முடிவெடுக்க ஓர் அமைப்பு வேண்டும். நாலு தொண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் அறிக்கை பரிமாறிக்கொள்ள இவ்வளவு பெரிய ஏற்பாடு வீண்.

அவர்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட் போதும். ஓன்கிளவுடைத் தொடங்கிய பிராங்க் கார்லிட்செக் 2016-இல் அங்கிருந்து விலகி உருவாக்கியது இது. சொந்த சர்வரில் நிறுவி, கடவுச்சொல்லும் காலாவதித் தேதியும் போட்ட இணைப்பை அனுப்பலாம். அப்டேட்களை உடனுக்குடன் போட ஆள் இல்லையென்றால் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது.

தரவுப் பரிமாற்றத்தில் மூன்றாவது வகை, போட்டியாளர்களும் கலந்திருக்கும் தொழில்களுக்கானது. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், போக்ஸ்வாகன் எல்லாம் இருக்கும் கேட்டனா-எக்ஸ் என்ற கார் தொழில்துறைத் தரவுப் பரிமாற்ற அமைப்பில், உதிரிபாகங்களின் கார்பன் கணக்கு போன்ற விவரங்கள் எக்லிப்ஸ் டேட்டாஸ்பேஸ் காம்பொனன்ட்ஸ் என்ற மென்பொருள் வழியாகக் கைமாறுகின்றன. தரவைப் பெறுபவரின் மென்பொருள் ‘இந்த வேலைக்கு மட்டும்’ என்ற நிபந்தனையை ஏற்ற பிறகே தரவு நகரும். அது போய்ச் சேர்ந்தபின் யாராவது மீறினால், பெரும்பாலும் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போடத்தான் முடியும்.