பெல்ட் ஏன் விரைவில் தேய்கிறது?

விசைத்தறி ஓட்டும் அங்கத்தினர்க்கும் பம்பு செட் கொண்டு நீர் இறைக்கும் அங்கத்தினர்க்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. புதிதாய் வாங்கிய பெல்ட் சில மாதங்களிலேயே அறுந்து, தறி நின்று கூலி போகிறது, பயிர் வாடுகிறது. கடைக்காரரைக் குறை கூறுமுன் புல்லியைச் சற்று நோக்குதல் நலம்.

வி-பெல்ட் தன் இரு பக்கங்களாலேயே புல்லியின் பள்ளத்தைப் பற்றி இழுக்கிறது, அடியில் படலாகாது. பள்ளத்தின் அடி பளபளப்பாயிருந்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது, அல்லது அளவு பொருந்தவில்லை என்றறியலாம். ‘ஏ’ வகைப் பெல்ட்டின் மேலகலம் 13 மில்லிமீட்டர், ‘பி’ வகைக்கு 17. ஒன்றற்குரிய பள்ளத்தில் மற்றதை இடலாகாது.

இரு புல்லிகளும் நேராக நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். தளர்ந்த பெல்ட் வழுக்கிச் சூடேறும். மிக இறுகியது பேரிங்கைக் கெடுக்கும். புல்லிகளின் மையங்களுக்கிடையே 1 மீட்டர் இருப்பின், நடுவில் விரலால் அழுத்தும்போது சுமார் 16 மில்லிமீட்டர் தாழ்வது போதும். புதுப் பெல்ட் சற்று நீளுமாதலால் முதல் நாள் ஓட்டத்திற்குப்பின் மீண்டும் இறுக்க வேண்டும். கம்பியால் நெம்பி மாட்டாமல், மோட்டாரைத் தளர்த்தி நகர்த்தி மாட்டுக.

பல பெல்ட்டுகள் சேர்ந்தோடும் இடத்தில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். இல்லையேல் புதியது ஒன்றே பாரத்தைச் சுமந்து விரைவில் அழியும்.

இவற்றையெல்லாம் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே செய்க. வேலை முடிந்ததும் காப்புக் கூண்டை மறவாமல் பூட்டுக. பெல்ட்டை மீண்டும் வாங்கலாம். விரலை வாங்க இயலாது.