புரோகிரசிவ் ராக் இசையும் வளவனூர் ராமநாதனும்

புரோகிரசிவ் ராக் என்பது 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான ராக் இசைப் பிரிவு ஆகும். மூன்று நிமிடப் பாட்டு, நான்கு எண்ணிக்கைத் தாளம், திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்ற வழக்கத்தை விட்டு விலகி, நீண்ட வடிவங்களையும் கடினமான தாளங்களையும் மேலைச் செவ்வியல், ஜாஸ் முறைகளையும் இது எடுத்துக்கொண்டது. இதைத் தமிழில் ‘முற்போக்கு ராக்’ என்று பெயர்ப்பதும் உண்டு. ஆனால் தமிழில் ‘முற்போக்கு’ என்றதும் அரசியலே நினைவுக்கு வரும். இங்கு அந்தப் பொருள் இல்லை; பாட்டு ஒரே இடத்தில் நில்லாமல் வளர்ந்து செல்வதே குறிக்கப்படுகிறது.

முக்கியக் குழுக்கள்

கிங் கிரிம்சன் குழு 1969 அக்டோபரில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு இவ்வகையின் தொடக்கமாகப் பலராலும் கருதப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் யெஸ், ஜெனிசிஸ், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பால்மர், பிங்க் ஃபிளாய்ட் ஆகிய குழுக்கள் புகழ் பெற்றன. இந்த வளர்ச்சிக்கு எல்.பி. இசைத்தட்டும் ஒரு காரணம். அதன் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பதிவு செய்யலாம். 1972இல் யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ என்ற பாடல் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது. அதே ஆண்டில் ஜெத்ரோ டல்லின் ‘திக் அஸ் அ பிரிக்’ ஒரே பாடலாக இரண்டு பக்கங்களிலும் ஓடியது. நடுவில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும்.

1976க்குப் பின் எழுந்த பங்க் இசை இதை ஆடம்பரம் என்று ஏளனம் செய்தது. அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. எனினும் இந்த இசை அழியவில்லை. கனடாவின் ரஷ், அமெரிக்காவின் டிரீம் தியேட்டர் போன்ற குழுக்கள் அதை வேறு திசைகளில் கொண்டு சென்றன.

தாளம்

மேலைநாட்டு ரசிகர்களை வியக்க வைத்தவை ஐந்து, ஏழு போன்ற ஒற்றைப்படைத் தாளங்கள். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (1973) இதற்குப் பிரபலமான எடுத்துக்காட்டு. அது ஏழு எண்ணிக்கையில் செல்கிறது. கர்நாடக இசை கேட்டவருக்கு ஏழு புதிதல்ல. ‘தகிட தகதிமி’ என்று மூன்றும் நான்கும் சேரும் மிஸ்ர சாபு அது. ‘தக தகிட’ என்னும் ஐந்து கண்ட சாபு.

ஆனால் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ‘மணி’ பாடலில் கிட்டார் தனியாக வாசிக்கப்படும் பகுதி வந்ததும் தாளமே நான்குக்கு மாறி, பிறகு ஏழுக்குத் திரும்புகிறது. அதாவது தரையே மாறுகிறது. கர்நாடகக் கச்சேரியில் கிருதி முடியும்வரை கையில் போடும் தாளம் மாறுவதில்லை. அதன்மேல் மிருதங்கக் கலைஞர் நடையை மாற்றுகிறார், கணக்கு வைக்கிறார், கோர்வை வாசித்துச் சரியான இடத்தில் வந்து சேர்கிறார். தரை நிலையாக இருப்பதால்தான் அந்த விலகல் கேட்பவருக்குப் புரிகிறது.

வளவனூரிலிருந்து வெஸ்லியனுக்கு

சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் தெற்கே வரும் நெடுஞ்சாலை விழுப்புரத்தை அடைகிறது. அங்கிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உள்ள ஊர் வளவனூர். கர்நாடக இசைக் கலைஞரும் இசையியல் அறிஞருமான எஸ். ராமநாதன் 1917இல் இங்கு பிறந்தார். அப்போது இது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. வாய்ப்பாட்டு, வீணை இரண்டிலும் தேர்ந்த அவர், சிலப்பதிகாரத்தின் இசை குறித்து ஆய்வு செய்தவர். 1985இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். பாடகி எஸ். சௌம்யா அவருடைய மாணவி.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1960களிலிருந்து கர்நாடக இசையைக் கற்பித்து வருகிறது. ராமநாதன் அங்கு ஆசிரியராக இருந்தபோது அவரிடம் வீணை கற்றவர்களில் ஒருவர் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின். அவர் 1971இல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா பொதுவாக ஜாஸ் ராக் என்று வகைப்படுத்தப்பட்டாலும், புரோகிரசிவ் ராக் ரசிகர்களும் அதைத் தம்முடையதாகவே கொண்டாடுகின்றனர். ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1973) என்ற அதன் பாடல் 18 எண்ணிக்கையில் அமைந்தது.

பின்னர் எல். சங்கர் (வயலின்), ஜாகிர் உசேன் (தபலா), டி.எச். விநாயக்ராம் (கடம்), ராம்நாட் ராகவன் (மிருதங்கம்) ஆகியோருடன் மெக்லாக்லின் சக்தி குழுவை அமைத்தார். காது கிழியும் மின்னோசைக்குப் பெயர் பெற்றிருந்தவர், இதில் மின்கருவிகளை விட்டுவிட்டுத் தரையில் அமர்ந்து வாசித்தார்.

வீணையிடம் கிட்டார் கற்றது

வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாகப் பதிக்கப்பட்டிருக்கும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் பல சுரங்களைத் தொடலாம். கமகம் பிறப்பது இப்படித்தான். சாதாரணக் கிட்டாரில் விரல் உடனே பலகையைத் தொட்டுவிடும். இழுப்பதற்கு இடம் குறைவு. ஆகவே சக்தி குழுவுக்காக கிப்சன் நிறுவனம் செய்து கொடுத்த கிட்டாரில், மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. சுருதி ஒலிக்காக ஏழு தந்திகள் குறுக்கே கட்டப்பட்டன.

தென்னிந்தியக் குழுக்கள்

கொச்சியைச் சேர்ந்த மதர்ஜேன் 1996இல் தொடங்கியது. அதன் ‘மக்தூப்’ (2008) தொகுப்பில் பைஜு தர்மஜன் மின்கிட்டாரில் கமகங்களை வாசித்தார். பெங்களூருவின் அகம் குழு 2003இல் உருவானது. சன் தொலைக்காட்சியின் ‘ஊ லலலா’ போட்டியில் வென்றதால் தமிழ்நாட்டில் அறிமுகமானது. ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பாடும் இக்குழுவின் முதல் தொகுப்பு 2012இல் வந்தது. அதில் தனஸ்ரீ தில்லானாவும் இடம்பெற்றது.

இத்தகைய குழுக்களுக்குத் தாளம் பெரிய தடை அல்ல. கடினமானது கார்டு எனப்படும் சுரக்கூட்டு. மேலை இசையில் மூன்று சுரங்களை ஒன்றாக மீட்டி நிறுத்துவார்கள். தோடி ராகத்தின் காந்தாரமோ ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருப்பது. அதன் கீழ் அசையாத காந்தாரத்தை ஒலித்தால் இரண்டும் மோதி, ராகம் கெடும். கிருதிகளை ராக்கில் பாடுவதற்கு எழும் எதிர்ப்பில் ஒரு பகுதி வெறும் பழமைப் பற்று. இது அப்படியல்ல, உண்மையான இசைச் சிக்கல். இதற்கு ராக் இசையிலேயே ஒரு வழி உண்டு. கனத்த மின்கிட்டார் ஒலியில் பெரும்பாலும் வாசிக்கப்படும் ‘பவர் கார்டு’ காந்தாரத்தை விட்டுவிட்டு, சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் ஒலிப்பது. தம்பூராவில் வழக்கமாகக் கூட்டுவதும் அந்த இரண்டு சுரங்களைத்தான்.