அம்மா தைத்த உடை: 'மிஸ் மார்வெல்' தொடரின் தொடக்கப் பகுதிகள்

அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பெண் சூப்பர் ஹீரோக்கள் புதியவர்கள் அல்லர். லிண்டா கார்ட்டர் நடித்த 'வொண்டர் உமன்' 1975இல் தொடங்கி 1979 வரை ஓடியது; 2015இல் மெலிஸா பெனாயிஸ்ட் நடித்த 'சூப்பர்கேர்ல்' தொடரும் கிறிஸ்டன் ரிட்டர் நடித்த 'ஜெசிக்கா ஜோன்ஸ்' தொடரும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. இந்த மூன்று தொடர்களின் நாயகியரும் வளர்ந்த பெண்கள், வேலையில் இருப்பவர்கள், பெற்றோரையோ வளர்த்தவர்களையோ விட்டு விலகித் தனியே வாழ்பவர்கள். ஊரைக் காப்பாற்ற நள்ளிரவில் கிளம்பினால் எங்கே போகிறாய் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. 2022 ஜூன் 8 அன்று டிஸ்னி பிளஸ் தளத்தில் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' இந்த மரபிலிருந்து விலகுவது இந்த ஓர் இடத்தில்தான். இதன் நாயகி கமலா கானுக்குப் பதினாறு வயது. மாலையில் ஒரு விழாவுக்குப் போவதற்குக்கூட அவள் அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டும், அம்மாவோ எளிதில் கொடுப்பவர் அல்லர். ஆறு பகுதிகள் மட்டுமே கொண்ட இத்தொடரின் முதல் இரண்டு பகுதிகளைப் பார்த்த எவருக்கும் கமலாவின் வல்லமையைவிட அவளுடைய வீடே மனத்தில் நிற்கும். தொடரின் பலமும் அதுவே.

கமலா முதலில் காமிக்ஸில், அதாவது படக்கதை இதழ்களில் பிறந்தவள். மார்வெல் நிறுவனத்தில் ஆசிரியராக இருந்த சனா அமானத், நியூ ஜெர்சியில் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண்ணாக வளர்ந்த தம் சிறுவயதுச் சம்பவங்களைச் சக ஆசிரியரான ஸ்டீபன் வாக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது முளைத்த எண்ணத்திலிருந்து, எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சனும் ஓவியர் ஏட்ரியன் அல்ஃபோனாவும் சேர்ந்து அவளை உருவாக்கினார்கள். 2013இல் வேறொரு நாயகியின் இதழில் சில கட்டங்களில் தலைகாட்டிய அவளுக்கு 2014 பிப்ரவரியில் தனி இதழே வந்தது. மார்வெலில் தன் பெயரில் இதழ் கொண்ட முதல் முஸ்லிம் கதாபாத்திரம் அவள்தான். அவ்விதழ்களின் முதல் தொகுதி, அறிவியல் புனைவு உலகின் மதிப்புமிக்க விருதான ஹ்யூகோவை 2015இல் பெற்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இஸ்லாமிய வெறுப்பு விளம்பரங்கள் ஒட்டப்பட்டபோது, அவற்றை எதிர்த்தவர்கள் அவற்றின் மேல் கமலா கானின் படத்தை ஒட்டி மறைத்தார்கள். இதழ் வெளிவந்து ஓராண்டுகூட முழுமையாக ஆகாத நிலையில் ஒரு படக்கதைச் சிறுமி இப்படித் தெருவுக்கு வந்து நின்றது, அவளுக்காக எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

தொலைக்காட்சித் தொடரை எழுதி நடத்தியவர் பிரிட்டனைச் சேர்ந்த பிஷா கே. அலி, முதல் பகுதியை இயக்கியவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரட்டை இயக்குநர்களான ஆதில் எல் அர்பியும் பிலால் ஃபல்லாவும். கமலாவாக நடித்த இமான் வெல்லானி கராச்சியில் பிறந்து, குழந்தையாகவே கனடாவுக்குப் போய், ஒண்டாரியோ மாகாணத்தின் மார்க்கம் நகரில் வளர்ந்தவர். இதற்கு முன் எதிலும் நடித்திராதவர். நடிப்புக்குப் புதியவர் என்பது ஒரு காட்சியில்கூடத் தெரிவதில்லை என்பது ஒருபுறம் இருக்க, பேசும்போது மூச்சுவிட மறக்கும் அந்த வேகமும், வெட்கம் வரும்போது தோள்கள் தாமாகச் சுருங்கும் விதமும் நடித்துக் கற்றவை போலவே தோன்றாதது இத்தொடருக்கு வாய்த்த நல்லூழ்.

முதல் பகுதியின் கதை எளியது. மன்ஹாட்டன் தீவுக்கு எதிரே ஹட்சன் ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஜெர்சி நகரம், தெற்காசியக் குடும்பங்கள் நிறைந்தது. அங்கே வசிக்கும் கமலா, அவெஞ்சர்ஸ் எனப்படும் சூப்பர் ஹீரோ கூட்டத்தின், அதிலும் கேப்டன் மார்வெல் என்ற பெண் வீராங்கனையின் தீவிர ரசிகை. மார்வெலின் திரைப்படங்களும் தொடர்களும் நடப்பது ஒரே கற்பனை உலகில் என்பதால், பிற படங்களில் உலகைக் காத்தவர்கள் இவளுடைய ஊரில் செய்தித்தாளில் வந்த உண்மை மனிதர்கள். அவர்களுக்கு விழா எடுக்கிறார்கள், ரசிகர்கள் அவர்களைப் போல உடுத்திக்கொண்டு போட்டியிடுகிறார்கள். அவ்விழாவுக்குப் போகப் பெற்றோர் முதலில் மறுக்கிறார்கள். பிறகு மனம் இளகி, அப்பாவும் துணைக்கு வருவதானால் போகலாம் என்கிறார்கள். அப்பா யூசுஃப், முகத்தில் பச்சைச் சாயம் பூசி, பச்சை சல்வார் கமீஸ் அணிந்து, ஹல்க் என்ற பச்சை நிற வீரனாக மகளின் முன் வந்து நிற்கிறார். அவர் பெரிய ஹல்க், மகள் சின்ன ஹல்க் என்பது திட்டம். தோழர்கள் முன்னால் இது அவமானம் என்று மகள் வெடிக்க, அவ்வளவு நேரம் குதூகலித்துக்கொண்டிருந்த அப்பாவாக நடிக்கும் மோகன் கபூரின் பச்சை முகம் வாடுகிறது. வல்லமைகளைப் பற்றிய ஒரு தொடரில், முதல் காயம் ஒரு தந்தையின் முகத்தில் விழுகிறது. சண்டைக் காட்சிகள் பலவும் மறந்துபோன பிறகும் இந்தக் காட்சி மறப்பதில்லை.

அம்மா முனீபாவாக வரும் ஜெனோபியா ஷ்ராஃப், கண்டிப்பான தெற்காசியத் தாய் என்ற பழகிப்போன வார்ப்புக்குள் அடங்கிவிடாமல் தப்புவது அவருடைய தயக்கங்களால். மகளை அவர் தடுக்கும்போதெல்லாம், தாமும் ஒருகாலத்தில் தம் அம்மாவின் கற்பனைக் கதைகளிலிருந்து ஓடிவந்தவர் என்ற நினைவு பின்னால் நிழலாடுகிறது. இது மெல்ல மெல்லத்தான் தெரியவருகிறது. கராச்சியிலிருந்து பாட்டி அனுப்பிய பெட்டியில் வரும் பழைய காப்பு ஒன்றைக் குப்பை என்று அவர் ஒதுக்குகிறார். அதைத் தன் விழா உடைக்கு அணியாகக் கமலா எடுத்து மாட்டிக்கொள்ள, மேடையில் அவள் கையிலிருந்து ஒளி பீறிட்டுக் கெட்டியான பாளங்களாக உறைகிறது. விழா அரங்கே சரிய, விழப்போகும் வகுப்புத் தோழியை ஒளியால் ஆன ஒரு பெரிய கையால் அவள் தாங்கிப் பிடிக்கிறாள். திருட்டுத்தனமாக வீடு திரும்பினால், அறையில் அம்மா காத்திருக்கிறார்.

இந்த ஒளிதான் படக்கதையின் பழைய வாசகர்களை வருத்தியது, அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. படக்கதையில் கமலாவின் வல்லமை அவள் உடலிலேயே இருந்தது: கை நீளும், கால் பெருக்கும், விரும்பிய உருவம் எடுக்கலாம். வல்லமை வந்ததும் அவள் முதலில் எடுத்த உருவம், பொன்னிற முடியும் வெள்ளைத் தோலும் கொண்ட கேப்டன் மார்வெலின் உருவம். தன் உடம்பு தனக்கே கூச்சமாக இருக்கும் வயதில், தன்னைப் போல இல்லாத ஒருத்தியாக மாறிவிட ஆசைப்படும் பழுப்பு நிறச் சிறுமியின் உள்ளம் அந்த ஒரே நிகழ்வில் வெளிப்பட்டது. மாறிய பிறகு அவ்வுருவம் தனக்குப் பொருந்தவில்லை என்று அவள் உணர்ந்ததில்தான் கதையின் உயிர் இருந்தது. திரையில் உடல் மாறுவதில்லை, உடலைச் சுற்றி ஒளி படர்கிறது. அது அழகாக இருக்கிறது, ஆனால் அந்தக் கூச்சம் போய்விட்டது. அதற்கு ஈடாகத் தொடர் பெற்றதும் சிறிதன்று. வல்லமை ஒரு பாட்டியின் காப்பு வழியாக வருவதால், அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கமலா தன் குடும்பத்தின் பெண்களைப் பற்றி விசாரிக்க வேண்டியவளாகிறாள். வீட்டில் யாரும் பேச விரும்பாத கொள்ளுப்பாட்டி ஆயிஷாவின் பெயர் அப்படித்தான் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது.

காட்சிமொழியில் தொடக்கப் பகுதிகள் காட்டும் துள்ளலைத் தனியே சொல்ல வேண்டும். தோழர்களின் கைப்பேசிச் செய்திகள் திரையின் ஓரத்தில் கட்டங்களாக வராமல், கடைப் பலகையின் நியான் எழுத்துகளாகவும் தெருவில் தீட்டிய எழுத்துகளாகவும் காட்சிக்குள்ளேயே தோன்றுகின்றன. கமலாவும் தோழன் புரூனோவும் திட்டம் தீட்டியபடி மிதிவண்டியில் போகையில், அவர்கள் கடக்கும் சுவர்களின் ஓவியங்கள் அந்தத் திட்டத்தை நடித்துக் காட்டுகின்றன. நாள் முழுதும் படம் வரைந்து கனவு காணும் ஒரு பெண்ணின் மண்டைக்குள் பார்வையாளரை உட்காரவைக்கும் இந்த உத்தி, இயக்குநர்கள் மாறும் நடுப்பகுதிகளில் மங்கிவிடுவது இழப்பே.

இரண்டாம் பகுதி பள்ளிவாசலுக்குள் நுழைகிறது. அமெரிக்கத் தொடர்களில் பள்ளிவாசல் பெரும்பாலும் துப்பறிவாளர்கள் கண்காணிக்கும் இடமாகவே வந்திருக்க, இங்கே அது கிசுகிசு பேசும் ஆன்ட்டிகளும், அரட்டை அடிக்கும் இளசுகளும், பொறுமையான இமாமும் உள்ள அன்றாட இடமாக இருக்கிறது. பெண்கள் தொழும் பகுதி பழுதடைந்து கிடக்கிறது. தடுப்புக்குப் பின்னாலிருந்து பேச்சும் சரியாகக் கேட்பதில்லை. வாசலில் கழற்றி வைத்த விலையுயர்ந்த காலணிகள் களவுபோகின்றன. களவுகொடுத்த தோழி நாக்கியா, புலம்பிக்கொண்டிருக்காமல் பள்ளிவாசல் நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கிறாள். சிலருக்குத் தான் மிகவும் வெள்ளையாகவும் வேறு சிலருக்கு மிகவும் அந்நியமாகவும் தெரிந்ததாகவும், ஹிஜாப் அணிந்த பிறகே தன்னைத் தானாக உணர்ந்ததாகவும் பள்ளிக் கழிப்பறையில் அவள் கமலாவிடம் சொல்லும் காட்சி மிகக் குறுகியது. மதத்தைக் காட்சிப்பொருளாக்காமலும் அதற்கு வக்காலத்து வாங்காமலும் எழுதப்பட்டது. மிடுக்கான நாயகி ஒருத்தியோடு, உள்ளூர்க் குழுத் தேர்தலில் வாக்குச் சேகரிக்கும் ஒருத்தியையும் சம மதிப்போடு நிறுத்துவது இத்தொடரின் பெருந்தன்மை.

கமலாவைத் தேடும் அரசுத் துறையினர் பின்னர் அதே பள்ளிவாசலைச் சோதிக்க வருவது வெறும் கற்பனைத் திருப்பம் அன்று. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு நியூயார்க் காவல்துறை நியூ ஜெர்சியின் பள்ளிவாசல்களையும் முஸ்லிம்களின் கடைகளையும் ரகசியமாகக் கண்காணித்தது 2011இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் மேல் தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்தது. இவ்வளவு கனமான பின்னணியை வைத்துக்கொண்டு, அந்தத் துறையினரைச் சில இடங்களில் கார்ட்டூன் வில்லன்களாக்கியது தொடரின் பலவீனம்.

வில்லன்களே பொதுவாக இத்தொடரின் குறை. மூன்றாம் பகுதியில், வேற்றுலகிலிருந்து விரட்டப்பட்டவர்கள் என்று ஒரு கூட்டம் வருகிறது. அவர்களுடைய உலகம் என்ன, திரும்பிப்போக ஏன் இவ்வளவு துடிக்கிறார்கள் என்பதெல்லாம் ஓட்டமாகச் சொல்லப்பட்டு, கமலாவின் அண்ணன் ஆமிரின் திருமண வீட்டில், ஆட்டம்பாட்டத்தின் சூடு ஆறுமுன் சண்டை வந்துவிடுகிறது. அந்தக் கல்யாணத்தையே இன்னும் பத்து நிமிடம் பார்த்திருக்கலாம் என்று தோன்றவைப்பது சண்டைக் காட்சிக்குப் பெருமை அன்று.

ஆனால் ஐந்தாம் பகுதி வேறு உயரத்துக்குப் போகிறது. ஆவணப்படங்களுக்காக இருமுறை ஆஸ்கர் பெற்ற பாகிஸ்தானிய இயக்குநர் ஷர்மீன் ஒபைத் சினாய் இயக்கிய இப்பகுதி, 1947ஆம் ஆண்டின் இந்தியப் பிரிவினைக்குப் பார்வையாளரைக் கொண்டுபோகிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்கள் எல்லை கடந்து, லட்சக்கணக்கானோர் மாண்ட அந்த மாதங்களின் ஒரு ரயில் நிலையம் அது. கூட்டத்தில் தொலைந்த குழந்தை ஒன்று, நட்சத்திரப் புள்ளிகளின் தடம் பிடித்து அப்பாவிடம் போய்ச் சேர்ந்ததாகக் கமலாவின் வீட்டில் ஒரு கதை உண்டு. அக்கதையை இரண்டாம் பகுதியிலேயே அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்லியிருப்பதால், அது எப்படி நடந்தது என்று திரையில் பார்க்கும்போது உண்டாகும் நெகிழ்ச்சி சம்பாதித்துப் பெற்றதாக இருக்கிறது. ஃபவாத் கானும் மேஹ்விஷ் ஹயாத்தும் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டியாக நடித்திருக்கும் இப்பகுதியில், ஹாலிவுட்டின் சூப்பர் ஹீரோ கதை ஒன்று தெற்காசியாவின் ஆறாத புண்ணை அலங்காரமாக அல்லாமல் ஒரு குடும்பத்தின் துக்கமாகத் தொட்டிருக்கிறது. டிஸ்னி பிளஸ் அப்போது பாகிஸ்தானில் கிடைக்காததால், அந்நாட்டில் இத்தொடர் இரண்டிரண்டு பகுதிகளாகத் திரையரங்குகளில் வெளியிடப்பட்டது.

கமலாவின் வீர உடை உருவாகும் விதத்தை முதல் பகுதியோடு சேர்த்துப் பார்த்தால், எழுதியவர்கள் எதைக் குறிவைத்தார்கள் என்பது விளங்கும். முகமூடி புரூனோ கொடுத்தது, சிவப்புத் துண்டு கராச்சியில் கிடைத்த நண்பன் கரீமுடையது, மேலாடை அங்கே ஒருவர் அளித்தது; அவற்றோடு சேர்த்து முழு உடையாகத் தைத்துக் கொண்டுவந்து மகளிடம் தருபவர் அம்மா. பெற்றோர் காட்டிய உடையை அவமானம் என்று தள்ளிய பெண், கடைசிப் பகுதியில் அம்மா தைத்த உடையில் தெருவுக்கு இறங்குகிறாள்.

தொடர் வெளியான சில நாள்களிலேயே, அதைப் பார்த்தார்களோ இல்லையோ, ஒரு கூட்டம் இணையத்தில் மிகக் குறைந்த மதிப்பெண்களைக் கொட்டியது. விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு வாசகர்கள் முதல் இரண்டு பகுதிகளை ஒரே மூச்சில் பார்ப்பது நல்லது. மார்வெலின் முந்தைய படங்கள் எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. தெரிய வேண்டியதைக் கமலாவே முதல் சில நிமிடங்களில் தான் வரைந்த படங்களைக் கொண்டு சொல்லிவிடுகிறாள். பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவர்களைத் தனியே பார்க்க விடாமல் பெற்றோரும் உடன் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பச்சை முகத்தோடு அப்பா வந்து நிற்கும் காட்சிக்காகவாவது.